வேலை முடிந்த பிறகு ஓர் இயங்குதளம்

1991 ஆகஸ்ட் 25 அன்று, மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கான இணையச் செய்திக் குழுவில் லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னாளில் லினக்ஸ் என்று பெயர்பெற்ற ஓர் இயங்குதளத்தைத் தாம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றும் அதில் சொல்லியிருந்தார். சொந்தமாக இயங்குதளம் எழுத உட்காரும் எவரிடமும் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்றாலும், என் ஊக்கத்தை இதைவிட அதிகமாகக் கெடுத்த கதை வேறொன்றில்லை. டோர்வால்ட்ஸ் தொடங்கியபோது நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி கம்பைலரும், தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லும் தயாராக இருந்தன. எழுதிப் பார்க்க மினிக்ஸ் இருந்தது. இன்டெல்லின் 386 செயலி கொண்ட கணினிகள் வீடுகளுக்கு வந்துவிட்டிருந்தன, ஆனால் அவற்றில் ஓட்டுவதற்கு எல்லோரும் தாராளமாக எடுத்தாளக்கூடிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்று கையில் இல்லை. அந்த வெற்றிடம் இப்போது இல்லை. நாம் எழுதி முடிப்பதற்காக உலகத்தில் யாரும் காத்திருக்கவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளாதவர்கள், ஓராண்டு கழித்து ‘இன்னும் ஒரு ஷெல்கூட ஒழுங்காக ஓடவில்லையே’ என்று சோர்ந்துபோய், அந்தக் கோப்புறையை மறுபடி திறக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அளவுகோலாக வைத்துக்கொள்ள வேறு கதைகள் இருக்கின்றன. பீஓஎஸ் இயங்குதளத்தின் கதை முடிந்த நேரத்தில், அதே வழியில் புதிதாக ஒன்றை எழுதுவோம் என்று 2001-இல் கிளம்பிய ஹைக்கு, தன் முதல் பீட்டா பதிப்பை வெளியிட்டது 2018 செப்டம்பரில். விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டும் திறமூலத் தளமாக 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ரியாக்ட்ஓஎஸ், இத்தனை காலத்திற்குப் பிறகும் தன்னை ஆல்ஃபா நிலையில் இருப்பதாகவே சொல்லிக்கொள்கிறது. இவை பலர் சேர்ந்து இழுக்கும் தேர்கள். தனியாளாகத் தொடங்கியவர்களில் எனக்குப் பிடித்த உதாரணம் ஆண்ட்ரியாஸ் கிளிங். போதைப் பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சையை முடித்து வந்த அவர், வெறுமையாகிவிட்ட பொழுதுகளை நிரப்புவதற்காக 2018-இல் செரினிட்டிஓஎஸ்ஸை எழுதத் தொடங்கினார். மீள்வோர் சொல்லும் பிரார்த்தனை ஒன்றிலிருந்துதான் அந்தப் பெயரும் வந்தது. இயங்குதளத்துக்குள் ஒரு சின்னப் பகுதியாகப் பிறந்த லேடிபேர்ட் என்ற இணைய உலாவி, 2024-இல் தனித் திட்டமாகப் பிரிந்தபோது கிளிங்கும் அதனுடனேயே போய்விட்டார். இந்தக் கதையில் நான் எடுத்துக்கொள்வது, அன்றாடம் உட்கார்வதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது என்பதை மட்டும்தான்.

நான் பகலில் செய்வது வணிக மென்பொருள் வேலை. அங்கே கெர்னல் என்ற சொல்லை உச்சரிக்கும் தேவைகூட வராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் விடுமுறை நாள்களின் விடியற்காலையிலும் பல ஆண்டுகளாக எழுதிவரும் என் இயங்குதளம், 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் ஓடும். சி மொழியிலும், செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளியில் கொஞ்சமும் ஆனது. நினைவகத்தை நிர்வகிக்கும், பல செயல்முறைகளை மாற்றி மாற்றி ஓட்டும், ஒரு ஷெல் உண்டு, தமிழைத் திரையில் காட்டும். என்னைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. “ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர், வீட்லயும் கம்ப்யூட்டரா?” என்று அம்மா கேட்பதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் கிடையாது. ஆனால் இதில் பொறுமை எப்படித் தீர்ந்துபோகிறது, எதைச் செய்தால் திரும்பி வருகிறது என்பதை ஓரளவு கவனித்து வைத்திருக்கிறேன். வேலை கடினமாக இருப்பதால் மட்டும் யாரும் கைவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. என்ன தவறு என்பது தெரியாமல், தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல் நிற்கும் நேரம் நீளும்போதுதான் மனம் விட்டுப்போகிறது. ஆகவே அந்த நேரத்தைக் குறைக்கும் எதுவும் பொறுமைக்கான முதலீடு என்று எடுத்துக்கொள்கிறேன்.

தொடக்கம் எல்லோருக்கும் இனிமையாகவே இருக்கும். பழைய பயாஸ் (கணினியை எழுப்பும் உள்ளமைந்த நிரல்) முறையில், கணினி தன் வட்டின் முதல் 512 பைட்டுகளை நினைவகத்தில் 7சி00 என்ற பதினாறடிமான முகவரியில் ஏற்றி, கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கட்டுப்பாட்டை நம்மிடம் கொடுத்துவிடுகிறது. சில வரி அசெம்பிளியில் ஓர் எழுத்து திரையில் வந்துவிடும். அடுத்து பி8000 என்ற முகவரியில் தொடங்கும் காட்சி நினைவகம்: 80 நெடுவரிசை, 25 வரி, ஓர் எழுத்துக்கு இரண்டு பைட், ஒன்று எழுத்துக்கும் ஒன்று நிறத்துக்கும். அங்கே ஒரு பைட்டை எழுதினால் எழுத்து, பக்கத்துப் பைட்டை மாற்றினால் நிறம். இடையில் யாரும் இல்லாமல் கணினியோடு நேராகப் பேசும் இந்த உணர்வுக்கு ஈடாக எதையும் என் அலுவலக வேலையில் நான் கண்டதில்லை. முதல் சில வாரங்கள் ஒவ்வோர் இரவும் ஏதாவது ஒன்று புதிதாக ஓடும்.

அந்த வேகத்திலேயே பலர், கெர்னலை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடரைச் சொந்தமாக எழுதுவதில் மாட்டிக்கொள்கிறார்கள். வட்டிலிருந்து படிப்பது, நினைவக வரைபடத்தைக் கேட்டு வாங்குவது, 16 பிட்டிலிருந்து 32-க்கும் பிறகு 64-க்கும் தாவுவது, பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளுக்கு இவை அனைத்தையும் வேறு விதமாகச் செய்வது என்று அது வளர்ந்துகொண்டே போகும். பூட்லோடர் எழுதுவது தவறில்லை. ஆனால் அது வேறொரு பொழுதுபோக்கு. கெர்னல் எழுத ஆசைப்படுபவர் கிரப், லிமைன் போன்ற ஆயத்த பூட்லோடர் ஒன்றை வைத்துக்கொண்டு நேராகக் கெர்னலுக்குப் போய்விடுவதே நல்லது. கம்பைலரை நாமே எழுதவில்லை என்று யாரும் வெட்கப்படுவதில்லையே.

உண்மையான சுவர் குறுக்கீடுகளில் வருகிறது. பிழையோ ஒரு சாதனமோ செயலியின் ஓட்டத்தை இடைமறித்து வேறொரு நிரலுக்கு அனுப்புவதுதான் குறுக்கீடு. செயலி ஏதாவது ஒரு பிழையைச் சந்தித்தால் அதற்கென நாம் எழுதிவைத்த கையாளி என்ற நிரலை அழைக்கும். அந்தக் கையாளியை அழைப்பதிலும் பிழை வந்தால் இரட்டைப் பிழை. அதைக் கையாளுவதிலும் பிழை வந்தால் மும்மைப் பிழை. மும்மைப் பிழை வந்ததும் செயலி விளக்கம் எதுவும் தராமல் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். திரை கறுத்து, பயாஸ் எழுத்து வந்து, மறுபடி கறுக்கும். பிழைச் செய்தி கிடையாது, வரி எண் கிடையாது. பயன்பாட்டு மென்பொருள் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த மௌனம் முதலில் அதிர்ச்சியாகவே இருக்கும்.

இங்கே நான் செய்து பலன் கண்டது, புதிய வசதி எதையும் சேர்க்காமல் சில வாரங்களை முழுக்க முழுக்க உள்ளே நடப்பதைப் பார்க்கும் வழிகளுக்காகவே செலவழித்தது. முதலில், எழுத்துகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும் சீரியல் போர்ட். திரைக்கான நிரல் கெட்டுப்போனாலும் அது வேலை செய்யும். ஒரு முழுக் கணினியைப்போல நடிக்கும் கியூஎமு என்ற எமுலேட்டர் மென்பொருள், அதில் வருவதை அப்படியே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிடும். இரண்டாவதாக, செயலி தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் முதல் 32 குறுக்கீட்டு எண்களுக்கும் ஒரு கையாளி. அது நிறைய ஒன்றும் செய்ய வேண்டாம்: எந்த எண், எந்த முகவரியில் இருந்த கட்டளை, ரெஜிஸ்டர்களில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) என்ன மதிப்புகள், பக்கப் பிழை (செல்லாத நினைவக முகவரியைத் தொடுவது) என்றால் சிஆர்2 ரெஜிஸ்டரில் இருக்கும் முகவரி எது என்பதை அச்சிட்டுவிட்டு நின்றால் போதும். அந்தக் கட்டளை முகவரியை மூலநிரலின் வரியாக மாற்றித் தரும் கருவி கம்பைலரோடு பயன்படுத்தும் பைன்யூட்டில்ஸ் கருவித் தொகுப்பிலேயே இருக்கிறது. மூன்றாவதாக, இரட்டைப் பிழைக் கையாளிக்குத் தனி ஸ்டாக் (ஓடும் நிரல் தன் தற்காலிக மதிப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி). கெர்னலின் ஸ்டாக்கே நிரம்பி வழிந்துதான் பிழை வந்தது என்றால், அதே ஸ்டாக்கில் கையாளியை ஓட்ட முடியாது. நேராக மும்மைப் பிழைதான். இவற்றோடு, மறுதொடக்கம் செய்யாமல் நின்றுவிடுவதற்கும் ஒவ்வொரு குறுக்கீட்டையும் பதிவு செய்வதற்கும் கியூஎமுவில் உள்ள விருப்பத்தேர்வுகளையும், ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை அதனுடன் இணைக்கும் முறையையும் ஒரே கட்டளையில் அழைக்கும்படி ஆக்கி வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இயங்குதளம் ஓர் அங்குலமும் நகராத வாரங்கள் அவை. எனக்கு மிகவும் கைகொடுத்ததும் அவையே.

இந்தக் கருவிகள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதற்குப் புகழ்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. பழைய வடிவமைப்பின் காரணமாக, பயாஸ் விட்டுச்செல்லும் நிலையில் டைமர், விசைப்பலகை முதலிய சாதனங்களின் குறுக்கீடுகள் 8 முதல் 15 வரையான எண்களில் வந்து விழும். செயலியின் கணக்கில் 8 என்பது இரட்டைப் பிழை. சாதனங்களின் குறுக்கீடுகளைச் செயலிக்கு அனுப்பும் கட்டுப்படுத்தியை மறுஅமைவு செய்யாமல் குறுக்கீடுகளைத் திறந்துவிட்டால், டைமர் முதல் முறை துடித்த உடனேயே ‘இரட்டைப் பிழை’ என்று கையாளி அலறும். இல்லாத பிழையை இரவெல்லாம் தேடலாம். எண் 8 என்று மட்டும் பார்க்காமல், பிழை ஏற்பட்டதாகச் சொல்லப்படும் கட்டளை ஒவ்வொரு முறையும் சும்மா நின்று காத்திருக்கும் கட்டளையாகவே இருக்கிறதே என்று பார்க்க முடிந்தால், அது பிழையில்லை, டைமர்தான் என்று சில நிமிடங்களில் விளங்கிவிடும். அதேபோல, விசைப்பலகைக்கான போர்ட் 60-இலிருந்து எழுத்தை எடுக்காவிட்டாலும், வேலை முடிந்தது என்று கட்டுப்படுத்திக்குச் சொல்லாவிட்டாலும், விசைப்பலகை ஒரே ஒரு முறை வேலை செய்துவிட்டு மௌனமாகிவிடும். இந்த வழியாகப் போகாத கெர்னல்காரர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொரு பிழையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுமை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது அதில் நன்றாகத் தெரியும். ஒரு கட்டத்தில், ஒரு நினைவகப் பகுதியின் கூட்டுத்தொகையைக் கணக்கிடும் என்னுடைய சின்னஞ்சிறு ஃபங்ஷன், அபூர்வமாகத் தவறான விடையைக் கொடுக்க ஆரம்பித்தது. அதே தரவு, அதே நிரல். பெரும்பாலும் சரி, எப்போதாவது தவறு. இப்படி வந்துபோகும் பிழைதான் மனிதனை உடைக்கும். நிரலை மறுபடி மறுபடி வாசித்துப் பயனில்லை என்று தெரிந்ததும், கேள்வியை மாற்றிக்கொண்டேன்: இது ஏன் வருகிறது என்று கேட்பதை விட்டு, இதை எப்படி அடிக்கடி வரவைப்பது என்று கேட்டேன். குறுக்கீடுகளை அணைத்துவிட்டு ஓட்டினால் பிழை அடியோடு மறைந்தது. டைமரை நொடிக்கு 100 துடிப்பிலிருந்து 1000 துடிப்புக்கு உயர்த்தியபோது பிழை தாராளமாக வந்தது. அப்படியானால் கணக்கு தவறில்லை, கணக்கின் நடுவில் வரும் டைமர்தான் எதையோ கெடுக்கிறது. கையாளி எல்லா ரெஜிஸ்டர்களையும் சேமித்துத் திருப்பி வைக்கிறதா என்று பார்த்தேன், வைத்தது. கடைசியில் அந்த ஃபங்ஷனின் அசெம்பிளியைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: அது தன் மாறிகளை, ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஸ்டாக் சுட்டிக்குக் கீழே எழுதியிருந்தது, ஆனால் சுட்டியை நகர்த்தவே இல்லை.

அது கம்பைலரின் குற்றமில்லை. யூனிக்ஸ் வகைத் தளங்களில் 64 பிட் நிரல்களுக்கான விதிமுறையின்படி, ஸ்டாக் சுட்டிக்குக் கீழே உள்ள 128 பைட்டுகளை, வேறு எந்த ஃபங்ஷனையும் அழைக்காத ஃபங்ஷன்கள் சுட்டியை நகர்த்தாமலே பயன்படுத்திக்கொள்ளலாம். சிவப்பு மண்டலம் என்று அதற்குப் பெயர். பயனர் நிரல்களுக்கு இதனால் ஆபத்தில்லை, ஏனென்றால் குறுக்கீடு வரும்போது செயலி கெர்னலின் ஸ்டாக்குக்கு மாறிவிடும். கெர்னலுக்குள்ளேயே ஓடும் நிரலுக்கு அப்படி மாறுவதில்லை. செயலி தான் திரும்பிவர வேண்டிய முகவரி முதலியவற்றை அதே ஸ்டாக்கில், அந்த 128 பைட்டுகளின் மேலேயே எழுதிவிடும். கெர்னலைக் கம்பைல் செய்யும்போது சிவப்பு மண்டலம் வேண்டாம் என்று ஒரு விருப்பத்தேர்வைச் சேர்த்தால் விஷயம் முடிந்தது. எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைல் கோப்பில் ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகச் செலவான இரவுகளை நான் வீணானவையாகக் கருதவில்லை. அதன் பிறகு ஸ்டாக்கைப் பற்றி எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. அபூர்வமாக வரும் பிழையை அடிக்கடி வரவைப்பது என்ற உத்தியோ, அலுவலக வேலையிலும் எத்தனையோ முறை உதவியிருக்கிறது.

பிழை தேடுவதில் இன்னொரு பழக்கத்தையும் வைத்துக்கொண்டேன். ஊகம் ஒன்று தோன்றினால், அதைச் சோதிப்பதற்கு முன் எழுதிவிடுவேன்: ‘இது உண்மையென்றால் இன்னது நடக்க வேண்டும்.’ எழுதாமல் சோதித்தால், இரவு பன்னிரண்டு மணிக்கு எந்த விடையும் எந்த ஊகத்துக்கும் பொருந்துவதுபோல் தெரியும். மறுநாள் அதே ஊகத்தை மறுபடி சோதித்துக்கொண்டிருப்போம்.

எழுதுவது என்றதும் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பமும் அலுவலகமும் உள்ளவருக்கு இந்த வேலை தொடர்ச்சியாக நடக்காது. திருமணம், காய்ச்சல், அலுவலகத்தில் ஒரு வெளியீடு என்று மாதக் கணக்கில் இடைவெளி விழும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வரும்போது நிரலில் எதுவும் மாறியிருக்காது. ஆனால் ‘நான் எதைச் செய்துகொண்டிருந்தேன், அடுத்து என்ன செய்ய நினைத்தேன்’ என்பது தலையிலிருந்து முற்றிலும் போயிருக்கும். மறுபடி அந்த இடத்துக்கு வந்து சேரவே இரண்டு மூன்று இரவுகள் ஆகிவிடும், அதற்குள் உற்சாகம் வடிந்துவிடும். ஆகையால் ஒவ்வோர் இரவும் மூடுவதற்கு முன் ஒரு வரி எழுதுகிறேன். ‘செயல்முறை மாற்றி: புதிய செயல்முறையின் முதல் ஓட்டத்தில் கொடிகள் ரெஜிஸ்டர் சரியா என்று பார்க்க வேண்டும், குறுக்கீட்டுப் பிட் அணைந்திருக்கலாம்’ என்பதுபோல, எந்தக் கோப்பைத் திறப்பது, எதைப் பார்ப்பது என்று தெரியும் அளவுக்குத் துல்லியமான ஒரு வரி. ‘செயல்முறை மாற்றியைச் சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதினால் அது குறிப்பே இல்லை. இதன் காரணமாகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அடுத்த அடி தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தப் பழகிக்கொண்டேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் படுக்கப் போனால், மறுநாள் எங்கிருந்து பிடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க நேர்கிறது.

மனம் ஓடாத நாள்களுக்கென்று தனியாக ஒரு பட்டியலும் உண்டு. மேக்ஃபைலைச் சுத்தம் செய்வது, பெயர்களை ஒழுங்குபடுத்துவது, ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களுக்கு லினக்ஸிலேயே ஓடும் சோதனைகள் எழுதுவது, இன்டெல் கையேட்டில் ஓர் அத்தியாயத்தைப் படிப்பது. கையேடு ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்டது, அதை வரிசையாக யாரும் படிப்பதில்லை. ஆனால் தேவை வருவதற்கு முன்பே ஒரு பகுதியை மேலோட்டமாகப் பார்த்து வைத்திருந்தால், பிழை வரும்போது எங்கே தேடுவது என்றாவது தெரியும். எதுவுமே செய்யப் பிடிக்கவில்லை என்றால் செய்யாமல் இருப்பதிலும் குற்றமில்லை. இது கடன் அடைக்கும் வேலையில்லை.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில் என் கருத்து நாளாக ஆக உறுதிப்பட்டிருக்கிறது. பாடநூல் வரிசையில், நினைவக நிர்வாகத்தை முழுமையாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன் என்று போனவர்கள் பெரும்பாலும் நினைவக நிர்வாகத்தோடேயே நின்றுவிடுகிறார்கள். அழகான ஒதுக்கீட்டு முறைகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஒவ்வொன்றும் நம் நிரலை மறுபடி எழுதத் தூண்டும். என் முதல் ஒதுக்கீட்டு நிரல், கேட்ட அளவைக் கொடுத்துவிட்டு ஒரு சுட்டியை முன்னே நகர்த்தும், திருப்பிக் கொடுத்தால் வாங்கவே வாங்காது. ஒரு சிறிய பயனர் நிரல் ஓடி, கெர்னலை அழைத்து, ஒரு வரியை அச்சிட்டுவிட்டு முடியும் வரைக்கும் அது போதுமானதாக இருந்தது. குச்சிக்கால் மாதிரி இருந்தாலும் மேலிருந்து கீழ் வரை ஒரு பாதை ஓட வேண்டும். பிறகு எந்தப் பகுதி உண்மையிலேயே வலிக்கிறதோ அதை மட்டும் மாற்றலாம். எல்லாவற்றையும் ரஸ்ட்டில் மறுபடி எழுதிவிடலாமா என்ற நமைச்சல் எனக்கும் வருவதுண்டு. ரஸ்ட் நல்ல மொழி, கெர்னலுக்குப் பொருத்தமான மொழி. ஆனால் அந்த நமைச்சல், கடினமான ஒரு பிழையில் மாட்டியிருக்கும் வாரங்களில் மட்டும் வருகிறது என்பதைக் கவனித்த பிறகு அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

மெய்யான கணினியில் ஓட்டுவதையும் தள்ளிப்போடாமல், அதே சமயம் அதையே நம்பியிருக்காமலும் இருப்பது நல்லது. எமுலேட்டர் நம்மிடம் மிகவும் கனிவாக நடந்துகொள்ளும். உதாரணமாக, கியூஎமுவில் நினைவகம் பூஜ்ஜியங்களாகவே கிடைக்கும். உண்மையான கணினியில் அங்கே குப்பை இருக்கும். மதிப்புக் கொடுக்காமல் விட்ட மாறி ஒன்று எமுலேட்டரில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, பழைய மடிக்கணினியில் முதல் நொடியிலேயே கவிழ்த்துவிடும். யூஎஸ்பி விசைப்பலகையை ஆதரிப்பது தனிப் பெரும் வேலை; பல பழைய கணினிகளில் பயாஸே யூஎஸ்பி விசைப்பலகையைப் பழைய பிஎஸ்/2 விசைப்பலகைபோலக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அதை நெடுநாள் ஒத்திவைக்க முடிந்தது.

இனி தமிழுக்கு வருகிறேன். சிலர் டூம் விளையாட்டைத் தங்கள் இயங்குதளத்தில் ஓட்டிக் காட்டுவதை இலக்காக வைத்துக்கொள்வார்கள். 1997-இல் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டதிலிருந்து அது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. எனக்கு என் ஷெல்லில் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதே ஆசையாக இருந்தது. இப்படி ஒரு சொந்த இலக்கு அமைந்த பிறகு, எதைச் செய்வது, எதை விடுவது என்ற தடுமாற்றம் பெருமளவு தீர்ந்தது. வலைப்பின்னல் வேண்டுமா? தமிழுக்குத் தேவையில்லை, பிறகு பார்க்கலாம். ஃபிரேம்பஃபர் (திரையைப் புள்ளி புள்ளியாக வரைய உதவும் நினைவகம்) வேண்டுமா? கட்டாயம் வேண்டும்.

முதலில் பழைய எழுத்துப் பயன்முறையிலேயே ஒப்பேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதில் 256 எழுத்து வடிவங்களை நாமே வரைந்து ஏற்றலாம், ஒரு நிறப் பிட்டை விட்டுக்கொடுத்தால் 512 வரை போகலாம். தமிழ் எழுத்துகள் 247. ஆங்கிலத்தையும் சேர்த்தால் 512-க்குள் அடங்கிவிடுகிறதே என்று மகிழ்ந்தேன். எண்ணிக்கை அடங்கியது, அகலம் அடங்கவில்லை. எட்டுப் புள்ளி அகலத்தில் ‘ட’ நிற்கும். ‘ணை’ நிற்காது, ‘னௌ’ பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே ஃபிரேம்பஃபருக்குப் போய், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி அகலம் என்று வைத்து, 24 புள்ளி உயரத்தில் எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் வரைய ஆரம்பித்தேன். எல்லா உயிர்மெய்களையும் வரைய வேண்டியதில்லை: காலையும் கொம்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், புள்ளியை மேலே வைக்கலாம். கு, சு, டு, மு, கூ, சூ, டூ, மூ என்று உகர ஊகார வரிசைகள்தாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகின்றன. அவற்றைத் தனித்தனியாகத்தான் வரைய வேண்டியிருந்தது. டி, டீ இரண்டும் தனி வகை. மனம் சோர்ந்த மாலைகளில் இதைச் செய்தேன். மூளையைக் கசக்காத வேலை, ஆனால் ஒவ்வோர் எழுத்து வந்து உட்காரும்போதும் திரையில் தெரியும்.

வடிவங்கள் வந்த பிறகுதான் ‘கொ’ தன் வேலையைக் காட்டியது. யூனிகோடில் அது க, அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில் வரும். பயனர் க-வைத் தட்டியதும் திரையில் க தெரிகிறது. அடுத்து ஒகரத்தைத் தட்டும்போது, ஏற்கெனவே வரைந்துவிட்ட க-வுக்கு இடப்பக்கம் ஒரு கொம்பு முளைக்க வேண்டும், க வலப்பக்கம் நகர வேண்டும், அதற்கும் அப்பால் ஒரு கால் வர வேண்டும். ‘வந்த எழுத்தை வரை, கர்சரை ஒரு கட்டம் நகர்த்து’ என்ற அடிப்படையில் எழுதப்பட்ட என் கன்சோல் முழுவதும் இந்த ஓர் எழுத்தின் முன் செல்லாததாகிவிட்டது. வரியின் எழுத்துகளைத் தனியே ஒரு பஃபரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விசைக்கும் அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வரையும்படி மாற்றி எழுதினேன். பின்னழிப்பு விசையிலும் முடிவு எடுக்க வேண்டியிருந்தது: ‘கொ’வில் ஒரு முறை தட்டினால் குறி மட்டும் போய் ‘க’ மிஞ்ச வேண்டுமா, முழு எழுத்தும் போக வேண்டுமா? நாம் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகள் பெரும்பாலும் குறியை மட்டுமே நீக்குகின்றன என்பதால் நானும் அப்படியே வைத்தேன். கர்சர் மட்டும் எழுத்தின் நடுவில் போய் நிற்காதபடி பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பகுதியை எழுதிய மாதங்களில் எனக்கு ஊக்கம் என்ற பேச்சே எழவில்லை. அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போதே தாளின் ஓரத்தில் ‘ஞூ’ வரைந்துகொண்டிருந்தேன்.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், இன்டெல் வகைச் செயலியைவிட ரிஸ்க்-5 என்ற வேறு வகைச் செயலியில் தொடங்கும்படியே சொல்வேன். 16 பிட் காலத்துச் சுமைகள் அதில் இல்லை. கியூஎமு தரும் மெய்நிகர் இயந்திரத்தில் குறிப்பிட்ட ஒரு நினைவக முகவரியில் ஒரு பைட்டை எழுதினாலே முதல் எழுத்து வெளியே வந்துவிடும். எம்ஐடியில் 2006 முதல் மாணவர்களுக்காகப் பயன்படுத்தப்படும் எக்ஸ்வி6 கெர்னலும் இப்போது ரிஸ்க்-5-இல்தான் இருக்கிறது. தனியாள் ஒருவர் முழுவதையும் வாசித்து முடிக்கக்கூடிய அளவில் இருக்கும் கெர்னல்களில் அதைவிடத் தெளிவானதை நான் பார்க்கவில்லை. அதை ஒரு முறை வாசித்துவிட்டு, மூடி வைத்துவிட்டு, தன்னுடையதை எழுதலாம். ஆனால் பழைய மடிக்கணினி ஒன்றை எழுப்பி அதில் தன் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதே ஆசை என்றால் இன்டெல் பக்கம்தான் வர வேண்டும், அதன் எல்லா வினோதங்களோடும்.

நான் இப்போது, வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஈஎக்ஸ்டி2 கோப்பு முறைமையில், கோப்புகளை எழுதும் பகுதியில் இருக்கிறேன். படிக்கும் பகுதி எளிது. தவறாகப் படித்தால் தவறு உடனே தெரியும். எழுதும்போது, புதிய கோப்பு ஒன்றுக்காக ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு), ஐநோடு பிட்மேப், தொகுதி பிட்மேப் (எவை காலி என்று காட்டும் பட்டியல்கள்), கோப்பகப் பதிவு, சூப்பர்பிளாக்கின் (முழு முறைமைக்குமான சுருக்கப் பதிவு) எண்ணிக்கைகள் என்று பல இடங்களை ஒத்துப்போகும்படி மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் அப்போதைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அதனால் என் இயங்குதளம் எழுதி முடித்த வட்டுப் பிம்பத்தை ஒவ்வொரு முறையும் லினக்ஸின் கோப்பு முறைமைச் சோதனைக் கருவியிடம் கொடுத்துவிடுகிறேன். காலித் தொகுதிகளின் எண்ணிக்கை தவறு, இந்த ஐநோடுக்குச் சுட்டி இல்லை என்று அது தயவு தாட்சண்யமில்லாமல் பட்டியல் போட்டுக் கொடுக்கிறது, நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறேன். கோப்பை உருவாக்குவதும் நீட்டுவதும் புகாரில்லாமல் தேறிவிட்டன. கோப்பகத்தின் பெயரை மாற்றுவதில் இன்னும் இரண்டு புகார்கள் பாக்கி; நீக்கும் பகுதியை இன்னும் தொடவில்லை.